பட்டியலும் பேரேடும்

வெள்ளி, கானாடுகாத்தான்

செட்டிநாட்டு வீடுகளைக் காட்டி அழைத்துப் போகும் நடைச் சுற்றுலாக்களின் பேச்சு, ஊர் மாறினாலும் ஆள் மாறினாலும், ஏறக்குறைய ஒரே பாடமாக இருக்கிறது. தூண் பர்மாத் தேக்கு. தரை இத்தாலிப் பளிங்கு. ஆளுயரக் கண்ணாடி பெல்ஜியம். சுவரடியில் பதித்த பூ ஓடு ஜப்பான். இரும்புத் தூணும் உத்தரமும் இங்கிலாந்து. சுவரின் வழவழப்புக்கு மட்டும் உள்ளூர்க் கோழி: சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கரு. இதில் பொய் அதிகம் இல்லை. (முட்டைகளின் எண்ணிக்கைதான் சொல்பவருக்குச் சொல்பவர் கூடிக்கொண்டே போகும், அதை யாரும் தணிக்கை செய்ததாகத் தெரியவில்லை.) ஆனால் வீட்டை இப்படிச் சொல்லி முடித்தால் கேட்பவர் கையில் மிஞ்சுவது ஒரு சரக்குப் பட்டியல். ஒவ்வொரு பொருளும் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது என்பதற்கு விடை இருக்கிறது. அதை வாங்கிய பணம் எப்படிப் புரண்டது, ஏன் ஒருநாள் நின்றது என்பதற்கு, “பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தார்கள்” என்ற ஒற்றை வரிதான்.

இந்தப் பட்டியல் அச்சு மாறாமல் இன்னொரு இடத்திலும் ஒலிக்கிறது: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில். அங்குள்ள பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூண், செதுக்கிய நிலை, பெல்ஜியக் கண்ணாடி, எனாமல் பாத்திரம் என்று எல்லாம் தனித்தனியாக, தனித்தனி விலையோடு நிற்கின்றன. இடிபட்ட வீடுகளின் உறுப்புகள் அவை. சுற்றுலாப் பேச்சு வீட்டை எந்த இடங்களில் பிரிக்கிறதோ, அதே இடங்களில்தான் கடப்பாரையும் பிரிக்கிறது. வழிகாட்டிகள் இடிக்கச் சொல்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு இல்லை. அவர்களைப்போல இந்த வீடுகளை நேசிப்பவர்கள் குறைவு. ஆனால் தூண் தேக்கு என்பதற்காகவே உயர்ந்தது என்றால், அந்தத் தூண் பெங்களூரில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நின்றாலும் அதே அளவு உயர்ந்ததுதான். அது ஏன் இந்த ஊரில், இந்தப் பட்டாலையில் (முன்கூடத்தில்) நிற்க வேண்டும் என்பதற்குப் பட்டியலில் காரணம் கிடையாது. காரணம் பேரேட்டில் இருக்கிறது. வீட்டைப் பேரேட்டிலிருந்து சொல்லத் தொடங்க வேண்டும் என்பதே இந்தக் குறிப்புகளில் நான் வாதாட நினைப்பது.

சனி, கானாடுகாத்தான்

வீட்டின் அமைப்பையே முதல் சாட்சியாகக் கூப்பிடலாம். பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பு, திண்ணை, பட்டாலை. பிறகு முற்றத்தைச் சுற்றி அறைகள் அடுக்கிய வளவு. அதற்குப் பின் இரண்டாம் கட்டு, சமையல் கட்டு, கிணறு, பின்வாசல். வாசலிலிருந்து பின்வாசல் வரை நிலைகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதைக் காட்டி எல்லாரையும் படம் எடுக்க வைக்கிறார்கள், அழகுதான். ஆனால் கேட்க வேண்டியது, இவ்வளவு இடத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்பது. வளவின் அறைகள் சிறியவை. மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு. அதுவே ஒரு புள்ளி, தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஒரு புள்ளிக்குக் கிடைத்த தனியிடத்தைப் பொதுவிடத்தோடு ஒப்பிட்டால் வீட்டின் நோக்கம் பிடிபடும். சொந்த வசதிக்காகக் கட்டிய செல்வந்தர் படுக்கையறையைப் பெரிதாக்கியிருப்பார். இங்கே பெரிதானவை எல்லாம் ஊர் வந்து உட்காரும் இடங்கள்.

ஊர் ஏன் வந்து உட்கார வேண்டும்? கல்யாணத்துக்கு. கல்யாணம் இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் என்னும் செட்டியார் சமூகத்தில் குடும்ப விஷயம் மட்டுமாக இருந்ததில்லை. நகரத்தார் லேவாதேவி உறவின் மேலும் நாணயத்தின் மேலும் நின்றது. ஒரு கடையின் முதலில் சொந்தப் பணம் இருக்கும். சம்பந்திகளும் பங்காளிகளும் வைத்த வைப்பும் இருக்கும். தட்டுப்பாடு வந்தால் வேறொரு செட்டியார் கடையிலிருந்து வாங்கிக்கொள்ளும் வசதியும் இருக்கும். வெளிநாட்டுக் கடையைப் பார்க்கப் போகும் ஏஜெண்டும் பெரும்பாலும் அதே வட்டத்தைச் சேர்ந்தவர். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் பெட்டியடியை நம்பி ஒருவர் தன் பெண்ணின் சீர்ப்பணத்தை வைப்பாக விடுகிறார் என்றால், அவர் நேரில் பார்த்து எடைபோடக் கிடைப்பது இந்த முகப்பும் இந்தப் பட்டாலையும் இங்கே போடும் பந்தியும்தான். வங்கிகள் நகரத்தின் நடுவில் கிரேக்கத் தூண் வைத்துக் கட்டிடம் எழுப்பியதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. ஆடம்பரம் என்று கண்டிப்பவர்களும் கலை என்று கொண்டாடுபவர்களும் இதைத் தவறவிடுகிறார்கள். அந்தத் தேக்கில் ஒரு பகுதி தொழிற்செலவு.

கடல்கடந்து கொண்டுவிற்கப் போனவர்கள் பல ஆண்டுகள் தனியாகப் போய் இருந்து திரும்பினார்கள். மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே. வெளியே அவர்கள் வாழ்ந்தது கிட்டங்கிகளில்: ரங்கூன் மொகல் தெருவிலோ சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலோ, ஒரே நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, பகலில் கடை, இரவில் அதே இடத்தில் படுக்கை. கிட்டங்கியின் இறுக்கத்தைச் சொல்லாமல் வளவின் விசாலத்தைச் சொல்வது பற்றை விட்டுவிட்டு வரவை மட்டும் படிப்பது.

ஞாயிறு, காரைக்குடி

முகப்பின் உச்சியில் கஜலட்சுமிக்குப் பக்கத்தில் சில வீடுகளில் தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சிப்பாய்ச் சுதைகள் நிற்கின்றன. நடைச் சுற்றுலாவில் சிரிப்பு வரவழைக்கும் இடம் இது. எனக்கோ இந்த வீதியிலேயே மிக நேர்மையான வாக்குமூலம் அந்தச் சிப்பாய்கள்தான் என்று தோன்றுகிறது. 1852-இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தது. 1876-ஆம் ஆண்டின் நில வருவாய்ச் சட்டம், ஒரு நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து அனுபவித்து வரி கட்டியவருக்கு அதன்மேல் உரிமை தந்தது. விற்கலாம், அடகும் வைக்கலாம். காடு வெட்டிக் கழனியாக்க விவசாயிக்குப் பணம் வேண்டும். அவன் கையில் இப்போது ஈடு வைக்க ஒரு பத்திரம் இருக்கிறது. பத்திரம் பொய்த்தால் வழக்குப் போட நீதிமன்றம் இருக்கிறது. ஆங்கில வங்கிகள் ஏற்றுமதிக்குக் கடன் கொடுத்தன. சேற்றில் இறங்கிக் கிராமத்துக்குப் போகவில்லை. போனது செட்டியார் பணம். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும் அவர்கள் போட்டிருந்த முதல் 75 கோடி ரூபாய் அளவு என்றும் அன்றைய மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. கடைகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் வட்டி விகிதத்தை மொகல் தெருக் கோயிலில் கூடித் தீர்மானித்தார்கள். இவ்வளவும் அந்தச் சுதைச் சிப்பாயின் பின்னால் இருக்கிறது. படை, சட்டம், நீதிமன்றம் மூன்றும் இல்லாவிட்டால் அடமானப் பத்திரம் வெறும் காகிதம்.

தேக்கையும் இந்த இடத்தில் சொன்னால்தான் பொருந்தும். பர்மாக் காடுகளில் தேக்கு வெட்டியது பெரும்பாலும் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் போன்ற ஆங்கிலக் கம்பெனிகள். செட்டியார்களின் முதன்மைத் தொழில் மரமில்லை, நெல்வயல்மேல் கடன். பட்டாலைத் தூணைத் தட்டிக் காட்டும்போது அதன் பின்னால் நிற்பது காடு என்று நினைக்கிறோம். கணக்குப்படி அதன் பின்னால் நிற்பது ஒரு டெல்டாவின் நெல் அறுவடை.

1930-இல் அரிசி விலை சரிந்தது. உலகப் பொருளாதார மந்தம் பர்மியக் களத்துமேட்டுக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் பர்மிய விவசாயிகளின் சாயா சான் கிளர்ச்சி வெடித்தது. வட்டி கட்ட முடியாத நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம்; 1937-இல் 25 சதவீதம். சுமார் 24 லட்சம் ஏக்கர். ஏழே ஆண்டுகளில். இந்த எண்ணைக் காட்டித்தான் அவர்களை நிலம் பறித்தவர்கள் என்றார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஆனால் இதே எண்ணைச் செட்டிநாட்டு வீதிகளுக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940 வரை எழுந்தவை. நிலம் கையில் சேரச் சேர, கட்டும் வேகம் கூடியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது தலைகீழ். நிலம் மிக அதிகமாகச் சேர்ந்த ஆண்டுகளை ஒட்டியே அந்தக் கட்டட யுகம் அடங்கிப்போனது. ஏனென்றால் லேவாதேவிக்காரனுக்கு வந்து சேர்ந்த நிலம் திரும்பாத கடன். சுழலும் ரொக்கம் சேறாக உறைந்துவிட்டது என்று அர்த்தம். உறைந்ததை உருக்குவதற்குள் 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் போட்டது.

வீட்டின் அழகுக்கும் அதன் முடிவுக்கும் ஒரே மூலம் இருப்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் “பர்மா போச்சு, எல்லாம் போச்சு” என்று ஒரு பெருமூச்சில் கடந்துவிடுகிறார்கள்.

திங்கள், காரைக்குடி

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் ஒன்று கனமானது. வீடு இன்னும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். கதவைத் திறந்து விடுபவரின் திண்ணையில் நின்று அவர் பாட்டனாரின் வட்டிக் கணக்கைப் பேசுவது என்ன மரியாதை? இதற்கு முழுப் பதில் இல்லை. நாசூக்கு வேண்டும் என்பது உண்மை. ஆனால் கணக்கைச் சொல்வதும் பழி சொல்வதும் ஒன்றல்ல. பர்மாவின் உள்ளூர் லேவாதேவிக்காரர்களைவிடச் செட்டியார் வட்டி குறைவு என்பது அன்றைய பதிவுகளிலேயே இருக்கிறது. நிலத்தை விரும்பி எடுக்கவில்லை என்பதற்கு மேலே சொன்ன கட்டட வரலாறே சாட்சி. அதே பேரேட்டில் அறத்துக்கு ஒதுக்கிய மகமை இருக்கிறது. பாடல் பெற்ற தலங்களின் திருப்பணி இருக்கிறது. 1929-இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பர்மிய விவசாயி நிலத்தை இழந்ததும் அதே பேரேட்டில்தான் இருக்கிறது. நான்கையும் ஒன்றாகச் சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு அவமானம் இல்லை. சொல்லாமல் மறைப்பதில்தான் ஏதோ மறைக்க இருக்கிறது என்ற சந்தேகம் வளரும்.

பணத்தைப் பேசினால் கொத்தனாரும் ஆசாரியும் மறைந்துவிடுவார்கள் என்பது இன்னொரு வாதம். பட்டியலில் மட்டும் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? “பர்மாத் தேக்கு” என்ற சொல்லில் செதுக்கியவன் இல்லை. கப்பலில் வந்ததை மட்டும் மெச்சுவதால் கப்பலேறாத ஆத்தங்குடிக் கல் கடைசியில், நேரம் இருந்தால், வருகிறது. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, உள்ளூர் மணலை வைத்து, கையாலேயே வார்க்கும் அந்தத் தரைக்கல்லைக் கூலிக் கணக்கோடு சொல்வதற்குப் பேரேடுதான் இடம் கொடுக்கும்.

எல்லாப் பணமும் பர்மாவில் வந்ததா, இலங்கையும் மலேயாவும் சைகோனும் இல்லையா என்றால், இருந்தன. கொழும்பு செட்டியார் தெருவே சான்று. பர்மாவுக்கு நான் கொடுக்கும் இடம் அங்கே போட்ட முதலின் அளவினால். அதன் முடிவு அவ்வளவு முழுமையாக இருந்ததாலும். சுற்றுலா வருபவருக்கு இவ்வளவு பொருளாதாரம் தேவையா என்ற வாதத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. பெல்ஜியம் எந்தத் திசையில் என்று யோசிக்காமலே கண்ணாடியைப் பார்த்துத் தலையசைப்பவருக்கு, ரங்கூனில் ஒரு கூடத்தில் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவரின் கதை கடினமாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

நடைமுறையில் ஒரு தடை மிஞ்சுகிறது. இந்த வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்து பிரிந்து, ஒரே வீட்டுக்கு டஜன் கணக்கில் உரிமைக்காரர்கள். கூரையைச் செப்பனிடவும் எல்லார் சம்மதமும் வேண்டும். சம்மதம் கிடைக்காத வீடு ஒழுகி, பிறகு இடிந்து, முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறது. யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014-இலேயே செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் இடம் பெற்றன. அதனால் ஓட்டின் ஒழுகல் நிற்கவில்லை. புள்ளிக்கு ஒரு பங்கு என்று வளவை வகுத்த அதே ஏற்பாடுதான் இன்று வீட்டை விற்கவும் விடாமல் காக்கவும் விடாமல் வைத்திருக்கிறது. இதையும் வளவிலேயே நின்று, அறைகளை எண்ணிக் காட்டிச் சொல்லலாம். இரண்டு மணி நேர நடையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்டால், முட்டையை விட்டுவிடலாம்.