நீர் புகாத காலுறை

சென்ற திங்கள் நம் சங்கத்துக் குடும்பக் கூடலின்போது அன்பர் ஒருவர் நம்மை ஒருபுறமாக அழைத்தார். "ஆற்றில் இறங்கி நின்று டிரவுட் மீன் பிடிக்க ஆசை பிறந்திருக்கிறது, நீர் ஒழுகாத உறையாக எதை வாங்கலாம்? தாங்கள் இரண்டு மூன்று வாங்கிப் பொருளிழந்தவர் என்று கேள்விப்பட்டேன்" என்றார். அவர் கேள்விப்பட்டது உண்மையே. இரண்டு வாங்கி இழந்தோம். மூன்றாவது இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அது இந்நாட்டில் இல்லை. அந்தக் கதையைக் கூடலில் நின்றவாறு சொல்ல இயலவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

பாதம் முதல் மார்பு வரை ஒன்றாய் இணைந்த அந்த நீர்புகா உடைக்கு நியூசிலாந்து மக்கள் இட்ட பெயர் 'வேடர்ஸ்' என்பது. முதன்முறை அப்பெயரைக் கேட்டபோது நமக்குக் கண்ணப்ப நாயனாரே நினைவுக்கு வந்தார். நீரில் நடப்பதைக் குறிக்கும் சொல்லே அது என்று உடன் பணிபுரியும் நண்பர் விளக்கிய பின்னரும், நம் இல்லத்தில் அதற்கு 'வேடன் சட்டை' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அந்நண்பர்தாம் நம்மை டூராங்கி ஊருக்கு அழைத்துச் சென்றவர். டௌப்போ ஏரியிலிருந்து வானவில் டிரவுட் மீன்கள் குளிர்காலத்தில் முட்டையிடுவதற்காக டொங்காரிரோ ஆற்றில் எதிரேறி வரும். பனிநீர் கலந்த அந்த ஆற்றில் இடுப்பளவு நின்று, இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய்ப் பூச்சியை நீர்மேல் வீசுவது அவருக்குத் தவம் போன்றது. நாமோ மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கடையில் நைலான் உறையொன்றை வாங்கி அணிந்து இறங்கினோம். கால்மணி நேரத்திற்குள் இரு தொடைகளும் சேரும் இடத்தில் ஊசி குத்தியது போன்ற குளிர் தோன்றிற்று. அரைமணிக்குள் இடக்கால் முழுவதும் நீர். மீன் ஒன்றும் அகப்படவில்லை. கரையேறி உறையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தபோது கொட்டிய நீரைக் கண்டு நண்பர் நகைத்த நகை இன்னும் காதில் ஒலிக்கின்றது.

அன்று கற்ற முதற்பாடம் இது: உறை ஒழுகுவது பெரும்பாலும் துணியில் அன்று, தையலில். நடக்கும்போது ஒன்றோடொன்று உரசும் உட்தொடைத் தையலும், காலுறை பாதத்தோடு சேரும் இணைப்புமே முதலில் விட்டுக்கொடுப்பவை. ஆகவே வாங்குமுன் உறையின் உட்புறத்தைப் புறமாகத் திருப்பித் தையல்தோறும் நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உட்தொடையில் தையலே வாராமல் வெட்டியமைத்த உறை கிடைக்குமாயின் அது மேலானது. அளவையும் பார்க்க வேண்டும். கடையிலேயே அணிந்து குந்தி உட்காருங்கள். ஒரு காலை நாற்காலிமேல் தூக்கி வையுங்கள். அப்போது இழுத்துப் பிடிக்குமாயின் அந்தத் தையல் ஓராண்டு தாங்காது. மிகத் தொளதொளத்தால் முழங்காலில் மடிப்பு விழுந்து உராய்ந்தே ஓட்டையாகும்.

இன்னொன்றும் உண்டு. உள்ளே ஈரம் கண்டவுடன் கடைக்காரரோடு சண்டைக்குச் செல்வது தவறு. உறை முழுவதும் மெல்லிய ஈரம் பரவியிருந்தால் அது நம் வியர்வை. ஓரிடத்தில் மட்டும் நனைந்திருந்தால்தான் அது ஓட்டை. இந்த வேறுபாட்டை அறியாமல் நாம் ஒருமுறை வீண் வழக்காடித் தலைகுனிந்து திரும்பியதும் உண்டு.

உறைகள் மூவகை. ரப்பரோ பி.வி.சி.யோ பூசிய துணி ஒன்று. கனமானது, காற்றுப் புகாதது, விலை குறைந்தது. நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் மற்றொன்று. 1930-இல் அமெரிக்காவின் டூபான்ட் கூடத்தில் பிறந்த அப்பொருள் குளிரைத் தடுக்க வல்லது. மூன்றாவது, 'மூச்சுவிடும்' சவ்வு பொதிந்த நைலான். 1969-இல் ராபர்ட் கோர் என்பவர் டெஃப்லான் இனத்துப் பொருளொன்றைச் சூடேற்றிச் சடக்கென்று இழுத்தபோது, நுண்துளைகள் நிறைந்த சவ்வாக அது நீண்டது. அத்துளைகள் நீர்த்துளியை உள்ளே விடா. நீராவியை வெளியே விடும். மழைச்சட்டை முதல் மீன்பிடி உறை வரை அதன் வழி வந்தவை பல. இரண்டாம் முறை நாம் வாங்கியது இவ்வகையே. டொங்காரிரோவில் இரண்டு குளிர்காலம் ஒரு துளியும் ஒழுகாமல் உழைத்தது. அடிப்பாகத்தில் ஒட்டுக்கம்பளி வைத்த காலணிகளை மட்டும் இங்கே தேடாதீர்கள். 'பாறைச் சளி' என்று இகழப்படும் டிடிமோ என்னும் பாசி 2004-இல் தென்தீவில் காணப்பட்டது. ஈரக் கம்பளியில் தங்கி ஆற்றுக்கு ஆறு பரவும் என்பதால் 2008 முதல் அக்காலணிகள் தடுக்கப்பட்டன.

இதற்கிடையில்தான் ஊரிலிருந்து தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

நம் ஊர் பாறசாலைக்குக் கிழக்கே, வெள்ளறடை செல்லும் வழியில், எல்லையை ஒட்டியது. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் அத்தை வீடு ஒரு மாநிலத்திலும் நம் வீடு ஒரு மாநிலத்திலும் ஆயின. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சந்தையில் இரண்டும். மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். சிறுவயதில் மார்கழிப் பனியைப் பற்றித் தமிழ்ப் பாட்டுக் கேட்டால், பள்ளித் தோழர்கள் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்பார்கள்.

தம்பி ஊராட்சிக் குளமொன்றைக் குத்தகைக்கு எடுத்து, கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறான். ஆப்பிரிக்கன் பாயல் என்னும் நீர்க்களை மூடிக்கொள்ளும்போதெல்லாம் இறங்கி வாரியாக வேண்டும். "அண்ணன் வரும்போது அந்த ரப்பர் கால்சட்டை ஒண்ணு கொண்டுவரணும். இங்க பக்கத்துல ரெண்டு பேருக்கு எலிப்பனி. அம்மை என்னைக் குளத்துல இறங்க விடமாட்டேங்குறா" என்றான்.

எலிப்பனி என்பது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரோடும், மாடு நாய் முதலியவற்றின் சிறுநீரோடும் நீரில் கலக்கும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி, காலிலுள்ள வெடிப்பு வழியாகவோ கீறல் வழியாகவோ உடலுள் புகும். 1886-இல் ஜெர்மானிய மருத்துவர் வைல் இந்நோயின் கொடிய வடிவத்தை விவரித்தார்: காய்ச்சல், கண்சிவப்பு, மஞ்சட்காமாலை, சிறுநீரகம் செயலிழத்தல். கேரளத்தில் 2018 ஆகஸ்டு வெள்ளம் வடிந்ததும் இந்நோய் பரவிப் பல உயிர்களைக் கொண்டு சென்றதை நாம் இங்கிருந்தே நாள்தோறும் படித்தோம். இந்நாட்டிலும் பால்பண்ணையாளரையும் இறைச்சிக் கூடத்தாரையும் அது விட்டுவைப்பதில்லை.

ஒரு மாலை அந்த அறிகுறிகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தபோது நம் கை நின்றது. 1994-ஆம் ஆண்டு ஐப்பசி மழை. நமக்குப் பத்தொன்பது வயது. தந்தையார் விடியலில் பிறர் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுவார். வெயிலேறியதும் ஏலாவில் இறங்கிச் சேற்றில் நிற்பார். இரண்டுக்கும் வெறுங்கால்தான். அவ்வாண்டு அவருக்குக் காய்ச்சல் கண்டது. கெண்டைக்கால் வலியால் நடக்க இயலவில்லை. கண்கள் செவ்வரி ஓடிச் சிவந்தன. பின்பு உடல் மஞ்சளாயிற்று. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். ஐந்து நாள் அவ்வாறு போயிற்று. சிறுநீர் நின்ற பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். எட்டாம் நாள் அவர் இல்லை. என்ன நோய் என்று எவரும் எழுதித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை. இன்று உறுதியாகச் சொல்ல நம்மிடம் சான்று ஒன்றும் இல்லை. ஆயினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுவாரமே உயர்ந்த விலையில் சவ்வு உறையொன்று வாங்கினோம். தம்பியின் கால் ஏழாம் எண். ஊருக்குச் சென்று பெருமிதத்தோடு கொடுத்தோம். அவனும் அணிந்து முற்றத்தில் நடந்து காட்டினான், பிள்ளைகள் சிரித்தனர், அம்மை ஒன்றும் பேசாமல் அதன் பாதத்தை மட்டும் தொட்டுப் பார்த்தார்.

நான்கு மாதம் கழித்துத் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணன் ஒண்ணும் நினைக்கக் கூடாது. அது ஒழுகுது." கரையிலிருந்த தாழை முள்ளும் சேற்றில் கிடந்த நத்தை ஓடும் அந்த மெல்லிய நைலானைப் பொத்தல் பொத்தலாக்கியிருந்தன. அதுமட்டுமன்று. உள்ளே ஈரம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் ஆவி சவ்வைக் கடந்து செல்லும். ஐப்பசி மாதத்துப் பாறசாலையில் வெளிக்காற்றே நீரில் தோய்ந்தது போன்றது. சவ்வு எங்கே மூச்சுவிடும்? போதாக்குறைக்குச் சேறும் வியர்வையின் எண்ணெய்ப் பசையும் படிந்து, அதன் துளைகளையும் அடைத்துவிட்டன. கூழாங்கல் படுகையும் குளிர்ந்த தெளிநீரும் உள்ள ஆற்றுக்கென்று செய்த பொருளைச் சேற்றுக் குளத்திற்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். விலையை நோக்கினோமேயன்றி இடத்தை நோக்கவில்லை. பிழை நம்முடையது.

பின்னர்த் தம்பியே நெய்யாற்றின்கரைக் கடையொன்றில், காலணியோடு ஒன்றாக ஒட்டிய பி.வி.சி. உறையை வாங்கினான். நாம் கொடுத்த விலையில் எட்டில் ஒரு பங்குகூட இராது. கனம், புழுக்கம், அரைமணிக்கு ஒருமுறை கரையேற வேண்டும். ஆனால் முள் ஏறவில்லை. சேற்றுக்கு இணைந்த காலணியே தக்கது; தனியாக மாட்டும் காலணிக்குள் மணலும் சிறுகல்லும் புகுந்து, உறையின் பாதத்தை அரைத்துத் தின்றுவிடும். இடுப்பில் வார் கட்டாமல் இறங்கக் கூடாதென்பதையும் அவனுக்குச் சொன்னோம். வழுக்கி விழுந்தால் நீர் கீழே பாயாமல் தடுப்பது அந்த வாரே. கைக்கு ரப்பர்க் கையுறையும் வேண்டும், ஏனெனில் கிருமிக்குக் கால் கை என்ற பாகுபாடு இல்லை. மழைக்காலத்தில், நீரில் இறங்கும் தொழிலாளருக்கென்று நலத்துறையார் தரும் டாக்சிசைக்ளின் மாத்திரையை, மருத்துவர் சொற்படி வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் அவன் உட்கொள்கிறான். உறை இருப்பதால் மாத்திரை வேண்டாம் என்று வாதிட்டான், அம்மை விடவில்லை.

ஓட்டை பார்க்கும் வித்தையைக் கற்றுக் கொடுத்தவர் ஊரில் சைக்கிள் பழுதுபார்க்கும் அண்ணாச்சி. உறையின் மேல்வாயை இறுகக் கட்டி, சைக்கிள் பம்பினால் காற்றடித்து, சோப்பு நுரை தடவினார். குமிழி எழுந்த இடத்தில் சுண்ணாம்புக் குறி இட்டார். பி.வி.சி.க்கு டியூப் பசை பிடிக்காது என்று அதற்குரிய பசையும் ஒட்டும் தனியே வரவழைத்தார். இங்குள்ள அன்பர்களின் சவ்வு உறைக்கு வேறு வழி: உட்புறத்தைத் திருப்பி ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தெளித்தால், துளையுள்ள இடம் மட்டும் கரும்புள்ளியாகத் தெரியும். பிறகு இருபுறமும் நிழலில் உலர்த்துக. வெயில் ரப்பரை வெடிக்கச் செய்யும். மடித்துப் பெட்டியில் திணித்தால் மடிப்பிலேயே விரியும், தொங்கவிட வேண்டும். தம்பியின் வீட்டில் முதல் உறையை மூலையில் போட்டிருந்தபோது அதன் இடக்காலைக் கடித்து வைத்தது யார் தெரியுமா? எலிதான்!

சென்ற பயணத்தில் ஒரு காலை நாம் தோட்டத்துப் பக்கம் நடந்தோம். 1902-இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் தொடங்கிய ரப்பர்த் தோட்டத் தொழில், பின்னர்த் திருவிதாங்கூர் மலையடிவாரமெங்கும் பரவியது. சிறுவயதில் ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்து ஆடிய மரங்கள் இன்றில்லை, புதியவை நின்றன. மழைக்காலமாகையால் ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டுப்பட்டைக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள். பட்டை நனைந்தால் பால் கெடுமன்றோ! அந்த மரத்தடியில் பால்வெட்டுக்காரர் ஒருவர் வெறுங்காலோடு, ஈரச் சருகின்மேல் நின்று கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். உலகத்தார் கால் நனையாதிருக்க அவர் எடுத்த பாலும் ஏதோ ஓர் ஆலைக்குப் போயிருக்கக் கூடும். அவரோடு சிறிது நேரம் பேசிக்கொண்டு நின்றோம். அவர் கால் எத்தனையாம் எண் என்று கேட்டபோது, "செருப்பு வாங்கினாத்தானே எண்ணு தெரியும்" என்று சிரித்தார். காகிதத்தில் அவர் பாதத்தை வரைந்து எடுத்துக்கொண்டு, களியக்காவிளைக் கடையில் முழங்கால் அளவு கம்பூட்ஸ் ஒரு சோடி வாங்கிக் கொடுத்தோம். அணிகிறாரா என்பதைத் தம்பி கண்காணிக்கிறான். வாரத்தில் நான்கு நாளாம்.

டிசம்பரில் ஊர் செல்லும் அன்பர்கள், திரும்பும்போது பயன்படுத்திய உறையோ பூட்ஸோ பெட்டியில் இருந்தால், சேறு நீங்கக் கழுவி உலர்த்தி, விமான நிலையப் படிவத்தில் மறவாமல் குறித்துக் காட்டுக. நாமும் அடுத்த திங்கள் புறப்படுகிறோம். என்ன கொண்டுவர வேண்டும் என்று தம்பியைக் கேட்டோம். "அண்ணன், கால்சட்டை ஒண்ணும் வேண்டாம். ஓட்டை அடைக்கிற நல்ல ஒட்டுத் துண்டு இருந்தா கொஞ்சம் கூடுதலா கொண்டுவாங்க, அண்ணாச்சியும் கேட்டாரு" என்றான்.