இரண்டு சனல், நான்கு சனல், எட்டு சனல்

கண்டியில் கொம்பியூட்டர் பூட்டிக் கொடுக்கும் என்னிடம் பெரிய மெஷின் கேட்டு வருகிறவர்கள் முதலில் சொல்வது கோர் எண்ணிக்கையைத்தான். “32 கோர் வேணும் அண்ணா.” என்ன வேலைக்கு என்று கேட்டால் பதில் மெதுவாகத்தான் வரும்.

ஒரு காலத்தில் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருந்தது. 2017 ஆகஸ்டில் ஏஎம்டியின் திரெட்ரிப்பர் 1950எக்ஸ் 16 கோருடன் 999 டொலருக்கு வந்தபோது, சாதாரண போர்டில் அப்படியொன்றை நினைத்தும் பார்க்க முடியாது. 2019 நவம்பரில் அதே 16 கோர், ரைசன் 9 3950எக்ஸ் என்ற பெயரில் சாதாரண ஏஎம்4 போர்டிலேயே 749 டொலருக்கு உட்கார்ந்துவிட்டது. அதே மாதம் வந்த 18 கோர் ஐ9-10980எக்ஸ்இ-யோடு இன்டெல் தன் கோர் எக்ஸ் வரிசையை மூடிக்கொண்டது. கோருக்காக மட்டும் பெரிய சொக்கெட்டுக்குப் போகும் தேவை பெரும்பாலானோருக்கு அன்றே தீர்ந்தது.

மிச்சமிருக்கும் வித்தியாசம், தகவல் போய்வரும் வழிகளில் இருக்கிறது. கண்டிக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். டவுனுக்குள் நுழைய எத்தனை வீதி இருக்கிறது என்பதுதானே இங்கே எல்லோருடைய நேரத்தையும் தீர்மானிக்கிறது! ரைசன் 9 7950எக்ஸுக்கு ராம் பக்கம் இரண்டு சனல். திரெட்ரிப்பர் 7000 வரிசைக்கு நான்கு. வேர்க்ஸ்டேஷனுக்கென்றே வரும் திரெட்ரிப்பர் புரோவுக்கு எட்டுச் சனலும், கார்டுகளுக்கும் எஸ்எஸ்டிகளுக்கும் 128 பிசிஐஇ லேனும். டிடிஆர்5-5200 ராமில் ஒரு சனல் செக்கனுக்கு 41.6 ஜிகாபைட் தரும். எட்டுக்கும் கணக்குப் பாருங்கள். விற்கிறவர்கள் வாய் திறக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: 7950எக்ஸில் நான்கு ராம் இடத்தையும் நிரப்பினால், ஏஎம்டி பொறுப்பெடுக்கும் வேகம் 5200இலிருந்து 3600க்கு இறங்கிவிடும்.

கலியாண வீடியோ, பெரஹெர வீடியோ எடிட் செய்கிற தம்பிமாருக்கு நான் திரெட்ரிப்பர் பூட்ட மறுப்பேன். காசு மிச்சம் என்பதற்காக மட்டுமல்ல. அவர்களுடைய கமராக்கள் பல 10 பிட் 4:2:2 எச்இவிசி கோப்புகளைத் தருகின்றன. 11ஆம் தலைமுறைக்குப் பிந்திய சாதாரண இன்டெல் சிப்பின் உள்கிராஃபிக்ஸ் அதை நேரடியாகவே விரித்துக் காட்டும். திரெட்ரிப்பரிலும் இன்டெல்லின் வேர்க்ஸ்டேஷன் சிப்பான சியொன் டபிள்யூ-3400இலும் உள்கிராஃபிக்ஸே கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டும் பழையதென்றால், பத்து இலட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய மெஷின் டைம்லைனை இழுக்கும்போது திக்கும். பக்கத்து மேசையில் நடுத்தர இன்டெல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

பேராதனைப் பக்கமிருந்து வரும் ஆய்வு மாணவர்களின் கதை வேறு. நீரோட்டச் சிமியுலேஷன் போன்ற வேலைகளில் கோர்கள் பெரும்பாலும் ராமுக்காகக் காத்துக் கிடக்கின்றன. அங்கே சனல் கூடக்கூட வேலை முடியும் நாள் குறையும். நாட்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரு பிட் புரண்டாலும் யாருக்கும் தெரியாது, அதனால் பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ராம் வேண்டும். டிடிஆர்5 எல்லாவற்றிலும் ஈசிசி உண்டு என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டும். ராமுக்கும் புரொசசருக்கும் இடையே நடப்பதை அது பார்ப்பதில்லை. அதற்காக எல்லோரும் புரோவுக்கு ஓடவும் வேண்டாம். போர்டைப் பார்த்து எடுத்தால் ரைசனிலேயே ஈசிசி ஓடும். இன்டெல்லில் டபிள்யூ680 போன்ற போர்டு வேண்டும்.

பூட்டுகிற வேலையைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. சாதாரண புரொசசரை வைத்து நெம்புகோலை அழுத்தினால் முடிந்தது. திரெட்ரிப்பர் தன் பிளாஸ்டிக் சட்டத்தோடு தண்டவாளத்தில் இறங்குவது போல் வழுகி இறங்கும். பிறகு மூன்று திருகுகள், 1, 2, 3 என்ற வரிசை மாறாமல், பெட்டியோடு வரும் முறுக்குத் திருப்புளியால்; ‘டிக்’ என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். கீழே 4844 தொடுமுனைகள். அழுத்தம் ஒரு பக்கம் குறைந்தாலே ஒரு ராம் சனல் காணாமல் போகலாம். முதல் தடவை பவர் கொடுத்தால் திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கும், ராமைப் பழக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் பொறுமையிழந்து சுவிட்சை அணைக்கிறவர்தான் ‘போர்டு செத்துப்போச்சு’ என்று போன் எடுப்பார்.

கரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டிய நாடு இது. 350 வாட் புரொசசரும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்த மெஷினுக்குச் சின்னக் கடை யூபிஎஸ் எந்த மூலைக்கு? மலைக் காற்றால் சூட்டுப் பிரச்சினை கொழும்பைவிடக் குறைவு, அது ஒரு புண்ணியம். போர்டு பழுதானால் உதிரிக்கு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா வரை போனாலும் ரைசன் போர்டு கிடைக்கும்; பெரிய சொக்கெட் போர்டுக்கு இறக்குமதிக்காரர் சொல்லும் திகதிதான். பிறகு பார்த்து அப்கிரேட் செய்யலாம் என்ற கனவையும் முழுதாக நம்ப வேண்டாம். டிஆர்எக்ஸ்40 போர்டு திரெட்ரிப்பர் 3000 வரிசையோடு முடிந்துபோனது.

டிரோன் படங்களை இணைத்து மலைச்சரிவு மொடல் செய்கிற ஒரு சர்வேயர் அண்மையில் புரோதான் வேண்டும் என்று வந்தார். அவருக்கு முட்டியது ராமின் அளவில். 192 ஜிகாபைட் நிரம்பிவிடுகிறது. 24 கோர் திரெட்ரிப்பர் 7960எக்ஸ் போதும் என்றேன். அதன் போர்டில் ரெஜிஸ்டர்ட் ராம்தான் ஏறும், பழைய துண்டுகள் ஏறாது. இரண்டை இப்போது, இரண்டைப் பிறகு வாங்கலாமா என்று கேட்டார். அப்படியென்றால் பாதிச் சனல் சும்மா கிடக்கும், அதற்கு ரைசனிலேயே இருக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டை ஒரு படி இறக்கி, 64 ஜிகாபைட் துண்டு நான்கையும் ஒன்றாக எடுத்தோம்.