தாழ்ந்து நின்ற வண்டி



சரக்கு வண்டி வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். மீன் ஏற்றுபவர், மரம் ஏற்றுபவர், பழைய இரும்பு ஏற்றுபவர், பந்தல் சாமான் ஏற்றுபவர் என்று ஒவ்வொரு மஹல்லாவிலும் நாலைந்து பிக்கப் வண்டிகளாவது இருக்கும். எங்கள் குடும்பமும் அத்தகையதே. கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கேரட் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவது எங்கள் தொழில். அத்தா தொடங்கிய தொழிலைச் சகோதரர்களாகிய நாங்கள் இருவரும் நடத்தி வருகிறோம். எங்கள் வண்டியின் பட்டையை மாற்றப் போய் நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை, வேறொருவர் அதை விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்பதற்காக இங்கே எழுதுகிறோம்.

தார்ச் சாலையிலிருந்து தோட்டத்துக்குப் பிரியும் பாதைகள் பெரும்பாலும் மண்ணும் கல்லுமாக இருக்கும். மழைக்காலத்தில் ஒவ்வொரு வளைவிலும் நீர் அரித்த பள்ளம் விழும். அந்தப் பாதையில் ஏழாண்டுகள் ஓடிய பின் எங்கள் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து நிற்கத் தொடங்கியது. மூட்டை ஏற்றினால் இடப்பக்கம் இரண்டு விரற்கடை கூடுதலாகச் சாயும். பள்ளத்தில் இறங்கும்போது அச்சு மேலெழுந்து, சட்டத்தின் அடியில் இருக்கும் ரப்பர் தாங்கியில் மோதும் ஓசை உள்ளே இருப்பவரின் பல் வரை கேட்கும்.

பட்டறைக்குக் கொண்டு சென்றோம். மேஸ்திரி கீழே குனிந்து பார்த்துவிட்டு, "பாய், பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்த்துவிடலாம். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் அசையாது," என்றார். புதிய பட்டைத் தொகுதிக்கு ஆகும் செலவில் கால் பங்குதான் அதற்கு ஆகும். நாங்கள் இரண்டு பட்டைகளாகவே சேர்க்கச் சொன்னோம். மாலையில் வண்டி நிமிர்ந்து நின்றது. வெறும் வண்டியாக நிற்கும்போது பின்பக்கம் சற்றுத் தூக்கியே இருந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்தோம்.

அதன் பிறகு நடந்ததை நாங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் அதைச் செய்தவர்கள் நாங்களே. அத்தா காலத்தில் நடைக்கு 20 மூட்டை என்பது வழக்கம். வண்டி தாழவில்லை என்று கண்டதும் 22 ஆயிற்று. ஒரு விவசாயி மிச்ச மூட்டைகளையும் எடுத்துக்கொள்ளும்படி வேண்டியபோது 24 ஆயிற்று. பருவம் முடிவதற்குள் 28இல் வந்து நின்றது. மூட்டை ஒன்று 60 கிலோ. எவரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. வண்டி நேராக நிற்கிறதே என்பதுதான் எங்கள் கணக்கு.

எங்கள் ஓட்டுநர் எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அத்தாவோடு வேலை செய்தவர். நாங்கள் அவரை அண்ணன் என்போம். அவர் எங்களைத் தம்பி என்பார். பட்டை சேர்த்த இரண்டாம் மாதமே, "தம்பி, முதுகு தாங்கவில்லை" என்றார். வயதாகிறது என்று நினைத்து, இருக்கைக்கு ஒரு மெத்தை வாங்கிக் கொடுத்தோம். சுமையோடு இறங்கும்போது வலி இல்லை, வெறும் வண்டியாக மலை ஏறும்போதுதான் வலிக்கிறது என்று அவர் சொன்னதை நாங்கள் செவியேற்கவில்லை. காரணம் முழுவதும் அந்தச் சொல்லிலேயே இருந்தது. கடினமான பட்டை சுமை இருந்தால்தான் வளையும். சுமை இல்லாதபோது அது வளையாமல், ஒவ்வொரு கல்லின் அடியையும் அப்படியே சட்டத்துக்கும் இருக்கைக்கும் முதுகுத் தண்டுக்கும் அனுப்பிவிடும். அவருடைய பயணத்தில் பாதி வெறும் வண்டிப் பயணம்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலை ஏறத்தாழ 33 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீட்டரை ஒட்டிய உயரத்திலிருந்து 300 மீட்டர் சொச்சத்துக்கு இறங்குகிறது. ஒரு நாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வீட்டுக்குத் திரும்பிய வேளையில் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, பிரேக்கை மிதித்தால் உள்ளே போகிறது, வண்டி நிற்கவில்லை. மலைப்பக்கத்துச் சாக்கடையில் இறக்கி நிறுத்திவிட்டேன்," என்றார். குரல் நடுங்கியது. தாழ்ந்த கியரில் வந்துகொண்டிருந்தபடியால் வண்டியை ஓரங்கட்ட முடிந்திருக்கிறது. அவருக்கும் உதவியாளருக்கும் காயம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் முன்சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்துகொண்டிருந்தது. பின்சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தோம். அவ்வளவு சூடு இல்லை.

அந்த வேறுபாட்டின் பொருளை வேறொரு வயதான மெக்கானிக் விளக்கினார். வண்டியின் அடியில் எங்களைப் படுக்கச் சொல்லி, பின்அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த ஒரு சிறு கம்பியைக் காட்டினார். அதன் மறுமுனையில் ஒரு வால்வு. சுமை உணரும் அந்த வால்வை எல்.எஸ்.பி.வி. என்பார்கள். பல பிக்கப் வண்டிகளில் இது உண்டு. சுமை ஏறினால் சட்டம் தாழும், கம்பி அசையும், வால்வு பின்சக்கரப் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை விடும். சுமை இல்லாதபோது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கிவிடாமல் அழுத்தத்தைக் குறைக்கும். வண்டி எவ்வளவு சுமக்கிறது என்பதை அது எடைபோட்டு அறிவதில்லை. வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே அறிகிறது.

நாங்கள் சேர்த்த பட்டைகள் வண்டியைத் தாழவிடவில்லை. 28 மூட்டை ஏற்றியபோதும் வண்டி ஏறக்குறைய காலியாக இருக்கிறது என்றே வால்வு நம்பியது. பின்பிரேக் தன் பங்கைச் செய்யவில்லை. மலைச்சரிவு முழுவதும் அந்த எடையை முன்பிரேக்குகளே தாங்கிச் சூடேறிச் சோர்ந்துபோயின. பட்டையை மாற்றிய பின் அந்தக் கம்பியின் அளவைத் தயாரிப்பாளர் சொன்னபடி மீண்டும் பொருத்த வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியாது, பட்டறையிலும் எவரும் சொல்லவில்லை.

அன்றே வண்டியை எடைமேடைக்குக் கொண்டு சென்றோம். ஆர்.சி.யில் மொத்த எடை, வெற்று எடை என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. அவற்றின் வேறுபாடு எங்கள் வண்டிக்கு 1,300 கிலோ. ஓட்டுநரும் உதவியாளரும் அந்த 1,300க்குள்தான் அடக்கம். 28 மூட்டையும் இரண்டு ஆட்களும் சேர்ந்தால் 1,820 கிலோ. நடைதோறும் அரை டன்னுக்கு மேல் கூடுதலாக ஏற்றியிருக்கிறோம். அத்தா காலத்து 20 மூட்டைகூடச் சற்று அதிகம்தான். முறையான கணக்கு 19.

இங்கே சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. எத்தனை பட்டை சேர்த்தாலும் ஆர்.சி.யில் உள்ள எண் மாறாது. அந்த எண் பட்டையை மட்டும் வைத்து எழுதப்பட்டதன்று. அச்சு, பேரிங், பிரேக், டயர், சட்டம் ஆகிய அனைத்தின் வலிமையையும் சேர்த்து எழுதப்பட்டது.

பிறகு என்ன செய்தோம் என்பதைக் கேட்பவர்களுக்குப் பயன்படும் என்று வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில், சேர்த்த பட்டைகளைக் கழற்றினோம். களைத்துப்போன பழைய பட்டைகளோடு புதிய பட்டையைச் சேர்த்தால் இரண்டின் வளைவும் வேறாக இருக்கும். சுமை சமமாகப் பகிரப்படாது. எங்கள் மெயின் பட்டை ஒன்றில் சென்டர் போல்ட் துளையை ஒட்டி மயிரிழை போன்ற விரிசல் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. ஆகவே தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே இருபக்கமும் புதிய பட்டைத் தொகுதி போட்டோம். யூ போல்ட், சென்டர் போல்ட், ஷேக்கிள் புஷ் அனைத்தையும் புதிதாக்கினோம். 500 கிலோமீட்டர் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மீண்டும் முறுக்கினோம். புதிய பட்டைகள் படிந்து அமரும்போது அவை தளர்வதுண்டு. தளர்ந்த யூ போல்ட்தான் பெரும்பாலும் சென்டர் போல்ட்டை உடைக்கிறது.

இரண்டாவதாக, ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றினோம். பட்டை அதிர்ச்சியை வாங்கி வைத்துக்கொள்ளும், பிறகு திருப்பித் தள்ளும். அந்தத் துள்ளலை அடக்கி வெப்பமாக்கி வெளியேற்றுவது ஷாக். கரடுமுரடான பாதையில் இடைவிடாமல் வேலை செய்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகி நுரைத்து, பிடிப்பை இழக்கும். ஆகவே நுரைப்பதைக் குறைக்கும் வாயு நிரப்பிய வகையைத் தேர்ந்தோம். வண்டி அலைபாய்கிறது என்று பலர் பட்டை சேர்க்கிறார்கள். எங்கள் வண்டியில் அந்தக் குறையின் பாதி, எண்ணெய் கசிந்த ஷாக்குகளால் வந்தது.

மூன்றாவதாக, ரப்பர் தாங்கிகளைப் புதிதாக்கி, வால்வின் கம்பியை உரிய அளவில் பொருத்தச் செய்தோம். முன்பிரேக் தகடுகளையும் பிரேக் எண்ணெயையும் மாற்றினோம். டயர் காற்றை வாரம் ஒரு முறை, வண்டி ஓடுவதற்கு முன் பார்க்கிறோம்.

காற்றுப் பை வைக்கும் வழியையும் ஆராய்ந்தோம். சுமைக்கேற்பக் காற்றை ஏற்றி இறக்கலாம் என்பது அதன் நன்மை. ஆனால் கல் தெறிக்கும் பாதையில் அதன் குழாய்கள் அறுபடக்கூடும். வண்டியைத் தாழவிடாமல் வால்வை ஏமாற்றும் அதே குறையும் அதில் உண்டு. சுமை ஏறிய பின்னரே தொடும்படி அமைந்த துணைப் பட்டை, போகும்போது காலியும் வரும்போது நிறையுமாக ஓடும் வண்டிக்கு நல்லது. எதை வைத்தாலும் முதலில் எடை, அடுத்துப் பிரேக், அதன் பிறகே பட்டை என்ற வரிசை மாறக் கூடாது என்பது எங்கள் அனுபவம். பட்டறைக்குப் போகுமுன் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மேல்வளைவு வரை இருபக்கமும் அளந்து, காலியாகவும் சுமையோடும் எழுதி வையுங்கள். எடைமேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றித் தனியாக ஒரு முறை எடை பாருங்கள். இந்த எண்கள் கையில் இருந்தால் எந்த மேஸ்திரியிடமும் தெளிவாகப் பேசலாம்.

செலவு, சேர்த்த பட்டைகளுக்குக் கொடுத்ததைப் போல் ஆறு மடங்கு ஆயிற்று. நடைக்கு ஒன்பது மூட்டை வாடகை குறைந்தது. பருவத்தில் ஒரு நடை கூடுதலாக ஓட்டிப் பார்த்தோம். அது அண்ணனின் உடம்புக்கு ஆகாது என்று கண்டு நிறுத்தினோம். ஒரு வியாபாரி வேறு வண்டி பார்த்துக்கொண்டார். அடுத்த மாதமே எல்லாம் ஈடாகிவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மையாகாது. அந்த ஆண்டு எங்கள் வருமானம் குறைந்தது, வீட்டில் ஒரு திருமணத்தைத் தள்ளி வைத்தோம்.

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களைக் கண்டதும் ஒரு தோட்டத்தில் கண்ணீர் விட்ட ஒட்டகத்தின் செய்தியை மதரஸாவில் ஓதிய பிள்ளைகள்தாம் நாம். பசியையும் ஓயாத உழைப்பையும் அது முறையிட்டதும், உரிமையாளரை அவர்கள் எச்சரித்ததும் நமக்குத் தெரியும். இரும்புக்குக் கண்ணீர் இல்லை. தாழ்ந்து நிற்பதுதான் அதற்குத் தெரிந்த முறையீடு. நாங்கள் அந்த முறையீட்டைக் கேட்டு, சுமையை இறக்காமல், அதன் வாயை அடைத்தோம். வாய் திறந்து சொன்ன மனிதருக்கு ஒரு மெத்தையைக் கொடுத்து அனுப்பினோம். வண்டிக்குச் செய்ததைவிட அதுவே எங்களுக்கு இன்றும் கனக்கிறது.

வேலை முடிந்த நாளில் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலியாக மலை ஏறிப்போய், மேலிருந்து அழைத்தார். "தம்பி, இன்றைக்கு டீ சிந்தவில்லை," என்றார்.

இப்போது 19 மூட்டை ஏறியதும் எங்கள் வண்டி சற்றுத் தாழ்ந்தே நிற்கிறது. முதல்முறை பார்ப்பவர்கள் பட்டை போய்விட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை, சுமையைச் சொல்கிறது என்கிறோம்.

நம்மிடம் வேலை செய்வோர் சொல்வதை உரிய நேரத்தில் கேட்கும் செவியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.