சேணத்துக்கு ஒரு மெத்தை உறை... கோவில்பட்டியிலிருந்து பார்சலில் வந்தது!

குதிரைச் சவாரி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமாதான். காற்றில் பறக்கும் முடி, பின்னால் கிளம்பும் புழுதி. சவாரி முடிந்து இறங்கிய ஹீரோ, மறுநாள் நாற்காலியில் எப்படி உட்கார்ந்தார் என்பதை மட்டும் எந்தப் படமும் காட்டியதில்லை. அதை நான் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. எங்கள் கரிசல் காட்டில் நான் பார்த்து வளர்ந்தது ஐயனார் கோயில் மண்குதிரைகளைத்தான். உயிருள்ள குதிரையில் ஏறியது வேலைக்காகச் சென்னை வந்த பிறகு. வார இறுதிச் சவாரி வகுப்பு ஒன்றைப் பற்றி வீடியோ எடுக்கப் போனவள், பிடித்துப்போய் அங்கேயே சேர்ந்துவிட்டேன்.

குதிரை நடக்கும்வரை சுகம்தான். 'ட்ராட்' எனப்படும் ஓட்டநடையில்தான் சோதனை. முன்கால் ஒன்றும் அதற்கு எதிர்ப்பக்கப் பின்கால் ஒன்றும் சேர்ந்து தரையைத் தொடும். அடுத்த நொடி மற்ற ஜோடி. ஒவ்வொரு அடிக்கும் நம்மைத் தூக்கிப்போடும். இடுப்புக்கு அடியில் இரண்டு எலும்பு முனைகள் இருக்கின்றன. உட்காரும்போது உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குபவை அவைதான். கெட்டியான தோல் சேணத்தில் அந்த இரண்டு முனையும் பட்ட பாடு இருக்கிறதே... திங்கள்கிழமை ஆபீஸ் மீட்டிங்கை நின்றுகொண்டே முடித்தேன்.

"வலிச்சா உடம்பை இறுக்கிப்பீங்க. இறுக்கினா இன்னும் குதிப்பீங்க. அந்த இடியெல்லாம் குதிரை முதுகுலதான் விழும்மா" என்றார் பயிற்சியாளர். அதுவரை என் வலியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது குதிரையின் வலியும்கூட என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்த விஷயம் எங்கள் பக்கத்துக்குப் புதிதுமல்ல. தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருக்கிறது பழைய காயல். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் அரபு, பாரசீகக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய பாண்டியர் துறைமுகம் அது. மார்க்கோ போலோ அதைப் பற்றி எழுதியிருக்கிறார். குதிரைகளைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் அவை இங்கே வீணாகச் செத்துப்போவதாகவும் வருந்துகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். அங்கவடிகூட இல்லாமல் ஏறி விரட்டியதில், நல்ல குதிரைகளும் சீக்கிரமே ஒன்றுக்கும் உதவாமல் போயின என்பது அவர் குறை. சவாரிச் சாமான் சரியில்லை என்றால் அடிபடுவது குதிரைதான்.

சேணத்தின் மேல் போடும் மெத்தை உறைகள் கடையில் கிடைக்கின்றன. ஆட்டுத்தோல் கம்பளி, ஜெல், ஃபோம் எனப் பல வகை. நான் அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். பழைய சேலையை மடித்து மடித்து அடியில் போட்டுக்கொள்வார். உட்காருவதைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் யார்?

"ஏட்டி, பொதுபொதுன்னு பஞ்சு வைக்காத. செத்த நேரத்துல அமுங்கி, தரையிலயே உக்காந்த மாதிரி ஆயிரும். அழுத்தமா, மெல்லிசா இருக்கணும்" என்றார். செய்தித்தாளில் சேணத்தின் இருக்கையை வரைந்து, வெட்டி அனுப்பினேன். அடர்த்தியான அரை இஞ்ச் ஃபோம், மேலே பருத்தித் துணி, கீழே வழுக்காத ரப்பர் துணி, இழுத்து மாட்ட எலாஸ்டிக். பத்து நாளில் பார்சல் வந்தது.

பயிற்சியாளர் உறையை மாட்டி, நான்கு பக்கமும் இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏறவிட்டார். நகர்கிற உறை, உறையே இல்லாததைவிட ஆபத்து. தடிமனாகப் போட்டால் நாம் உயர்ந்துவிடுவோம். குதிரையின் அசைவு நமக்குத் தெரியாது, அங்கவடியின் அளவும் மாறிப்போகும். சேணத்துக்கு அடியில், குதிரை முதுகில் போடும் விரிப்பு வேறு. நம் சுகத்துக்காக அதைத் தடிமனாக்கினால், அளவான செருப்புக்குள் மூன்று சாக்ஸ் போட்ட கதைதான். சேணமே நமக்குச் சின்னது என்றால் எந்த மெத்தையும் உதவாது. தடித்த தையல் உள்ள ஜீன்ஸையும் தவிர்த்துவிடுங்கள். தொடைவலி சில வகுப்புகளில் தானாகக் குறையும். மரத்துப்போனாலோ, வலி தொடர்ந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

அன்றைக்கு வலியே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால், பல்லைக் கடிக்காமல் ஒரு சுற்று முழுக்க வந்தேன். குதிரையும் காதை மடக்காமல் ஓடியது.

இரவு அம்மாவிடம் கேட்டேன், "இவ்வளவு தெரிஞ்சும் உனக்கு ஒண்ணு தச்சுக்கலையேம்மா?"

"அப்ப ஃபோம் வாங்க ஏது காசு? உக்கார எடம் கெடச்சதே பெருசு" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "மிச்சத் துண்டுல ஒண்ணு தச்சிட்டேன். இன்னும் வேலைக்குப் போறாள்ல எதிர்வீட்டு அக்கா, அவளுக்கு" என்றார்.