அர்வாரி: ஓர் ஓடைக்கு எழுபது ஊர்களின் சபை

ராஜஸ்தான் மாநிலம், ஆல்வார் மாவட்டத்தில் ஆரவல்லி மலைச்சரிவில் பிறக்கிறது அர்வாரி. மொத்த நீளமே சுமார் 45 கிலோமீட்டர்தான். பெயர் ஆறு, காவிரியைப் பார்த்தவர்களுக்கு இது ஓடை.

ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமி அது. அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மலையில் மரங்கள் வெட்டப்பட்டன; பழைய நீர்நிலைகள் தூர்ந்தன. பெய்த மழை மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடியது. 1980-களில் அர்வாரி, மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டும் ஓடையாகிவிட்டது. கிணறுகள் வற்ற, ஆண்கள் பிழைப்புக்காக நகரங்களுக்குப் போனார்கள்.

1985-ல் ராஜேந்திர சிங், 'தருண் பாரத் சங்கம்' நண்பர்களுடன் இப்பகுதிக்கு வந்தார். ஊர்ப் பெரியவர்கள் காட்டிய வழி, 'ஜோஹட்'. சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் போடும் மண்கரை அது. கரையில் தேங்கும் மழைநீர் மெள்ள மண்ணுக்குள் இறங்கும். ஊர்க்காரர்களும் தங்கள் பங்காக உழைப்பைக் கொடுத்தார்கள்.

ஓடையை மீட்க வேண்டும் என்று அவர்கள் தொடங்கவில்லை. கிணறு ஊறினால் போதும் என்றுதான் கரை போட்டார்கள். கரைகள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது, நிலத்தடி நீர் உயர்ந்து ஓடையிலும் கசிந்தது. 1990-களின் நடுவில் அர்வாரி ஆண்டு முழுக்க ஓடியது.

தண்ணீர் யாருக்கு?

நீர் வந்ததும் மீன் வந்தது. மீன் வந்ததும் குத்தகை வந்தது. மீன்பிடி உரிமையை அரசு தனியாருக்குக் கொடுத்தபோது, ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள், குத்தகை ரத்தானது.

வெளியாளைத் தடுத்தாயிற்று. மேல்மடைக்காரரே மோட்டார் வைத்து இறைத்தால், கடைமடைக்கு என்ன மிஞ்சும்? இதற்காகவே 1999-ல் 70 கிராமங்கள் சேர்ந்து 'அர்வாரி சன்சத்' என்ற சபையை அமைத்தன. 'சன்சத்' என்றால் நாடாளுமன்றம். கரும்பு, நெல் போன்ற அதிக நீர் குடிக்கும் பயிர்கள் வேண்டாம். ஹோலிப் பண்டிகை முடிந்து மழை தொடங்கும் வரை ஓடையில் நேரடியாக நீர் இறைக்கக் கூடாது. பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்று விதிகள் வகுத்தார்கள்.

இந்தச் சபைக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. ஊர்க் கட்டுப்பாடுதான் அதன் பலம். அடுத்தடுத்து மழை பொய்த்தால் அர்வாரியும் வற்றும். அப்போது கடைமடைக் கிணற்றில் ஒரு குடம் நீராவது மிஞ்சுவது, மேல்மடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பதில்தான் இருக்கிறது.