குருத்துக்கு ஒரு கம்பளி

தென்னையைக் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்னும் எண்ணம் பதுளை நகரத்தில் வசிப்பவர்க்கு உண்டாக நியாயமில்லை. ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில், மலைகளின் நடுவே தாழ்ந்து கிடக்கும் அவ்வூரில் தென்னை குலை தாங்கி நிற்பதைக் காணலாம். ஆனால், 1924இல் பதுளைக்கு வந்து முடிந்த இருப்புப்பாதையில் ரயிலேறி, ஹாலிஎல, தெமோதரை, எல்ல என்று மேல்நோக்கிச் செல்பவர் ஜன்னலுக்கு வெளியே சற்றுச் சிரத்தையுடன் பார்த்துவருவாராயின், தென்னை மெலிந்து, காய் குறைந்து, பண்டாரவளையை அணுகும்போது அபூர்வமாகிவிடுவதையும், கித்துள் பனை மட்டும் ஓடைக்கரைகளில் இன்னும் சிறிது தூரம் துணைவருவதையும் காண்பார். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை பாகை உஷ்ணம் குறைகிறது; சமுத்திரக்கரையில் பிறந்த விருட்சத்துக்கு அது பெரிய துன்பம்.

விருட்சம் என்றேன். தொல்காப்பிய மரபியலோ, வயிரத்தை உள்ளே கொண்டதையே மரமென்று கூறி, புறத்தே கொண்டதைப் புல்லென்று ஒதுக்குகிறது. அவ்வாறு பார்த்தால் தென்னையும் பனையும் கமுகும் புல்லினமே. இன்றைய தாவர சாஸ்திரமும் அவற்றை நெல்லும் மூங்கிலும் அடங்கிய ஒருவித்திலைப் பெருங்குலத்தில்தான் வைத்திருக்கிறது. குளிரின் முன்னே இந்தப் பேதம் எத்தனை பெரியதென்பதைத் தேயிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். தை மாதத்துத் தெளிந்த இரவுகளில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகினாலும், கவ்வாத்து வெட்டிக் கட்டையாக நிறுத்தினாலும், தேயிலை பக்கமெல்லாம் மறுபடி துளிர்க்கும். தென்னைக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அதன் பிராணன் முழுவதும் உச்சியிலுள்ள ஒற்றைக் குருத்தில் இருக்கிறது. அது அழிந்தால் அடிமரம் எத்தனை உறுதியாயிருந்தும் பயனில்லை. 1849இல் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத்திலிருந்து கியூ தோட்டத்துக்கு அனுப்பிய, பனிமழையையும் பொறுக்கும் விசிறிப்பனையைக்கூட, குளிர்தேசத்தார் கடுங்குளிர் காலத்தில் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, வைக்கோலும் சாக்கும் சுற்றி, குருத்தில் நீர் தங்கி அழுகாதபடி கவனிப்பது இதனாலேதான்.

அப்புத்தளைக்கு மேலே, நான் சிறுவயதில் வளர்ந்த தோட்டத்தில், எங்கள் அப்பாயி இதையெல்லாம் ஒருவரும் சொல்லாமலே அறிந்திருந்தார். பதுளை உறவினர் கொடுத்த முளைவிட்ட தேங்காயொன்றை லயக் குடியிருப்பின் முன்னே நட்டு, கவ்வாத்தில் கழித்த மிலாறுக் குச்சிகளை நாற்புறமும் ஊன்றி, அடியில் மானாப்புல்லைப் பரப்பி, மார்கழி பிறந்ததும் அந்தி சாயும் வேளையில், மழைக்கும் குளிருக்கும் தாம் போர்த்திப் பழசாக்கிய கம்பளியை அதன்மேல் மூடுவார். அந்தக் கம்பளி தோட்டத்தில் இலவசமாகக் கிடைத்ததன்று. பற்றெழுதி, சம்பளத்தில் கழித்துக் கொடுத்தது. அதை ஒரு நாற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கிழிந்த படங்கைப் போர்த்திக்கொண்டிருந்தவரை நான் கடிந்துகொண்டபோது, “எனக்கு அடுப்பு இருக்கு அப்பு, அதுக்கு என்னா இருக்கு?” என்றார். காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் மறவாமல் கம்பளியை எடுத்துவிடுவார். ஈரத்தோடு மூடியிருந்தால் குருத்து வெந்துபோகும் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம்.

தென்னை பிழைத்தது, கூரைக்கு மேலும் உயர்ந்தது, ஆனால் ஒருமுறையும் காய்க்கவில்லை. புல்லினத்தின் உறுப்புகளாக மரபியல் கூறுபவற்றுள் ஓலையையும் மடலையும் ஈர்க்கையும் அது தாராளமாகத் தந்தது. பாளையும் குலையும் அந்தச் சீதளத்தில் அதற்குச் சித்திக்கவில்லை. காய்க்காத மரம் எதற்கென்று கேட்டவர்களை அப்பாயி பொருட்படுத்தவில்லை. அதை ஒரு நாளும் மலடென்று சொல்ல அவர் விட்டதில்லை என்பதை இன்றும் மிகுந்த மரியாதையுடன் நினைக்கிறேன். விளக்குமாறு கட்டுவதற்கு ஈர்க்குக் கேட்டு லயமே வரும். தேர்த்திருவிழாவுக்குப் பந்தல் வேய ஓலை கேட்டுக் கோயில் தலைவர் வருவார். பழுத்துச் சாயும் கீழ்மட்டைகளை அப்பாயி தாமே நின்று காட்டி வெட்டச் சொல்வார். தோரணத்துக்குக் குருத்தோலையும் வேண்டுமென்று யாரேனும் கத்தியோடு அண்ணாந்தால் மட்டும், “அதுக்குப் பதுளைக்கு பஸ் ஏறுங்க” என்று ஏணியைப் பிடித்துக்கொள்வார்.