மணி அடித்தால் யார் வருவார்?

முதியோர் இல்லம் என்றாலே நம் சினிமாக்காரர்கள் காட்டுவது ஒரு மரத்தடி, ஒரு சிமெண்டு பெஞ்சு, கண்ணீர் விடும் அம்மா, அமெரிக்காவில் மகன்! நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விடுமுறை நாட்களில் மாமாவோடு ஒயரிங் வேலைக்குப் போவது என் வழக்கம். நெம்மேலிப் பக்கம், கடலோரமாக உள்ள ஒரு முதியோர் குடியிருப்பில் இந்த வருஷம் வேலை கிடைத்தது.

அங்கே கண்ணீரைக் காணோம்! விடிந்ததும் நடை, பிறகு காபி, பத்து மணிக்குக் கேரம். சட்னியில் உப்பு இல்லையென்று ஒரு தாத்தா, "எனக்கு பி.பி. கிடையாது, ஊருக்கே ஏன்யா ஒரே சட்னி?" என்று சமையல்காரரோடு மல்லுக்கு நின்றார்.

எங்கள் வேலை குளியலறை அழைப்பு மணி. கயிற்றை இழுத்தால் நர்ஸ் அறையில் மணி அடித்து, வீட்டு எண்ணில் விளக்கு எரியும். சின்ன வேலைதான். ஆனால் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு அது சின்ன வேலையாகத் தெரியவில்லை. போன மாதம் விடியற்காலை வழுக்கி விழுந்தாராம். கயிறு நனைகிறதென்று யாரோ சுருட்டி மேலே கட்டிவிட்டிருக்கிறார்கள். தரையில் கிடந்தவருக்கு எப்படி எட்டும்? தவழ்ந்து போய், துணி உலர்த்தும் குச்சியால் மாட்டி இழுத்திருக்கிறார். மணி அடிக்கவில்லை. காபி கொண்டு வந்த பெண் பார்க்கும்வரை அப்படியே கிடந்தாராம்.

சுவிட்சைத் திறந்தோம். உள்ளே செம்பெல்லாம் பச்சைக் களிம்பு! கடற்காற்றின் உப்பு. கைப்பிடிக் கம்பியிலும் அதே கதைதான். துருப்பிடிக்காத எஃகு என்று விற்கும் 304 ரகம் இங்கே சீக்கிரம் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். 316 ரகம் தாங்கும், விலைதான் கூட. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் விழுந்தவரே கதவுக்கு முட்டாகக் கிடப்பார். சக்கர நாற்காலிச் சரிவு ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். சிவில் நண்பர்கள் இதைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல் இருந்தால் சரி.

மணி சரியாயிற்று. சோதிக்க இழுத்தபோது ஓடி வந்தவர் சூலேரிக்காட்டுக்குப்பத்து அக்கா ஒருவர். ராத்திரி டூட்டி முடிந்து கிளம்பும் நேரம்.

"உங்க வீட்ல பெரியவங்க இருக்காங்களாக்கா?"

"மாமியா படுத்த படுக்கையா கீது தம்பி. நான் இங்க இருக்கச் சொல்ல, ராத்திரி அது கூப்ட்டா பெரிய பொண்ணுதான் எழுந்துக்கணும். பத்தாவது படிக்குது."

எனக்குப் பேச்சு வரவில்லை. காசுள்ள வீட்டு அம்மாவுக்கு மணி, காசில்லாத வீட்டில் பத்தாவது படிக்கும் பெண்! 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், வசதியற்ற முதியோர் 150 பேர் தங்கும் இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றாவது மாநில அரசு படிப்படியாக அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்'! 'அமைக்க வேண்டும்' என்றில்லை. முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அது மருந்துக்கு ஆகலாம், ராத்திரி ஆள் வைக்க ஆகுமா? இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், பாலவாக்கத்தில், சாவித்திரி வைத்தி 1978-ல் தொடங்கிய விச்ராந்தி இருக்கிறது; ஆதரவற்ற முதிய பெண்களைக் காசு வாங்காமல் பார்த்துக்கொள்ளும் இல்லம். ஆனால் அக்காவின் மாமியார் ஆதரவற்றவர் இல்லையே. குடும்பம் இருக்கிறது, ராத்திரியில் ஆள்தான் இல்லை.

மாமாவிடம் சொன்னேன். "பேட்டரி மணி ஒண்ணு போட்டுக் கொடுத்துடலாம்டா" என்றார். அடுத்த ஞாயிறு குப்பத்துக்குப் போனோம். பொத்தானைக் கட்டில் காலில், கிழவியின் கை எட்டும் உயரத்தில் பொருத்தினோம். மணியை எங்கே வைப்பது என்பதில்தான் யோசனை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "என் வூட்ல மாட்டுப்பா, எனக்கு எப்படியும் தூக்கம் வர்றதில்ல" என்றார். பரீட்சை முடியும்வரை மணி அங்கேதான். மாதம் ஒருமுறை திறந்து உப்பைத் துடைப்பது என் பொறுப்பு.